தாய் வெளிநாட்டில்

வீட்டிலுள்ள பழைய கோவைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, மஞ்சளேறிய பத்திரிகைத் துணுக்கொன்று கையில் அகப்பட்டது. 1998 ஆம் ஆண்டுக்குரியது. மூன்றாம் பக்கத்தில், இரண்டு பத்தி அகலத்தில் வெளிவந்த சிறு செய்தி. 'தாய் வெளிநாட்டில், 13 வயது மகள் கற்பழிப்பு' என்பது தலைப்பு. அந்தத் தலைப்பை எழுதியவன் நான்.

அப்போது நான் உதவி ஆசிரியர். பிராந்திய நிருபர்களின் செய்திகள் மாலையானதும் தொலைநகலில் வந்து குவியும். அவற்றைத் திருத்தி, சுருக்கி, தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்புவது என் வேலை. கிழக்கு மாகாணக் கிராமமொன்றிலிருந்து வந்த செய்தி அது. சிறுமியின் சிறிய தந்தை பொலிஸாரால் கைது செய்யப்பட்டிருந்தார். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளப்படுத்தும் விபரங்களை வெளியிடுவது 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைத் திருத்தத்தினால் தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே பெயரை நீக்கினேன். ஊரையும், பிள்ளை படித்த வகுப்பையும், தாய் சென்ற நாட்டையும் விட்டுவைத்தேன். சட்டத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு.

நான்கைந்து மாதங்களின் பின்னர், ஒரு பிற்பகலில், என்னைத் தேடி ஒரு பெண் அலுவலக வாசலுக்கு வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த துணுக்கை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இத எழுதினது ஆரு?"

"நிருபர் அனுப்பிய செய்தியம்மா அது" என்றேன். முழுப் பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

"ஊருல எல்லாரும் இதக் காட்டித்தான் கேக்கிறாங்க. செஞ்சவன் கீழ கிடக்கான். என்னத்தானே மேல பெரிசாப் போட்டிருக்கு." சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "நான் இஞ்ச இரிக்கக்குள்ளயே தொடங்கினதெண்டு புள்ள சொல்லுது, ஐயா. வாசலில நான் சோறு ஆக்கிட்டு இரிக்கக்குள்ள."

அவர் பணமோ மறுப்பறிக்கையோ கேட்கவில்லை. எழுதியவனின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று வந்தவர், பார்த்தும் பார்க்காமலே திரும்பிப் போனார். துணுக்கு என் கையிலேயே நின்றுவிட்டது.

அன்று மாலை அந்தத் தலைப்பை மறுபடி வாசித்தேன். அதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆண் ஒருவன்கூட இல்லை. ஒருத்தி போனாள், மற்றவள் அழிந்தாள். செய்தவன் எங்கே? ஒரு குற்றத்துக்கான காரணத்தையே நான் தலைப்பாகத் தீர்மானித்திருந்தேன், எதையும் விசாரிக்காமல். அதிலும் 'கற்பழிப்பு' என்ற சொல்! குற்றவாளி செய்ததை விட்டுவிட்டு, சிறுமி எதையோ இழந்துவிட்டாள் என்று அறிவிக்கும் சொல் அது. அவளிடமிருந்து எதுவும் அழியவில்லை. அவள்மீது ஒருவன் வன்முறை புரிந்தான், அவ்வளவுதான்.

பெண்கள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றி எம்மவர் மனதிலுள்ள சித்திரம் பெரும்பாலும் நாம் பத்திரிகையில் வரைந்து கொடுத்ததே. இருண்ட ஒழுங்கை, தனியே வரும் பெண், முகந்தெரியாத ஆண். அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய மாணவி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டதும், தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டதும் எம் நெஞ்சிலிருந்து அகலாதவை. அவ்வழக்கில் படையினருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்த செய்தியை, இந்தத் துணுக்கு வெளிவந்த அதே 1998 இல்தான் நாம் முதற்பக்கத்தில் வெளியிட்டோம். 2015 இல் புங்குடுதீவு மாணவியின் கொலைக்காக நாடே தெருவில் இறங்கியது. 2017 இல் எழுவருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. இவை பேசப்படவேண்டியவையே. ஆனால் முதற்பக்கத்துக்கு வருபவை இவை மட்டுமே என்பதனால், ஆபத்து எப்போதும் வெளியே நிற்கிறது என்று வாசகர் நம்பிவிட்டார்.

கணக்கெடுப்புகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, இலங்கையில் கணவனோ துணைவனோ உள்ள, அல்லது முன்னர் இருந்த, பெண்களில் ஐவருக்கு ஒருவர் அத்துணையிடமிருந்தே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். கணவன் அல்லாதோரையும் சேர்த்தால் நால்வருக்கு ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் உலகளவில் இது ஏறத்தாழ மூவருக்கு ஒருவர். அதிலும் பெரும்பங்கு துணைவனின் கையால் நிகழ்வது. பதினெட்டு வயதுக்கு முன்னர் வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளான பெண்களும் சிறுமியரும் உலகில் 37 கோடிக்கு மேற்பட்டோர் என்று 2024 இல் யுனிசெப் அறிவித்தது. எட்டுப் பேருக்கு ஒருவர். இந்த எண்கள் இருண்ட ஒழுங்கைகளுக்குள் அடங்கமாட்டா.

காரணத்தைப் பற்றியும் ஆண்களிடமே கேட்டிருக்கிறார்கள். இலங்கை உட்பட ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் நடத்திய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. வன்புணர்ந்ததாக ஒப்புக்கொண்டோர் பெருவாரியாகக் கூறிய காரணம், பெண்ணின் சம்மதம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அது தமக்குரிய உரிமை என்பதே. அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இருபது வயதை அடையுமுன்னரே முதற்தடவை அதைச் செய்திருந்தனர். சிறுவயதில் தாமே துஷ்பிரயோகத்துக்கு ஆளானோரிடம் இந்நடத்தை கூடுதலாகக் காணப்பட்டது. பெரும்பாலானோர் எவ்விதச் சட்ட நடவடிக்கைக்கும் முகங்கொடுக்கவில்லை.

உரிமை என்ற எண்ணம், கேட்பாரற்ற நிலை. சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்றவனுக்கும், அந்தக் கிராமத்து வீட்டின் சிறிய தந்தைக்கும் பொதுவானவை இவ்விரண்டுந்தான். உடையோ, நேரமோ, தாயின் கடவுச்சீட்டோ அல்ல.

தாயில்லாத வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்புக் குறையக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. வறுமையும், யுத்தமும், இடம்பெயர்ந்தோர் முகாமும் அவ்வாறே. ஆனால் ஆபத்தைக் கூட்டும் சூழல் வேறு. குற்றத்தின் காரணம் வேறு. இரண்டையும் ஒரு தலைப்பில் போட்டுக் குழப்பினால், தண்டனை சூழலில் அகப்பட்டவருக்கே போய்ச் சேர்கிறது. 2013 இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல முடியாதென்ற விதி கொண்டுவரப்பட்டபோது எனக்கு இந்தத் துணுக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது. தந்தையருக்கு அப்படியொரு விதி இருக்கவில்லை. 2022 இல் அது தளர்த்தப்பட்டது. ஆண்டாண்டாக நாம் எழுதிய தலைப்புகள்தாம் அந்த விதிக்கு மனதளவில் நிலம் பண்படுத்திக் கொடுத்தன என்றே எண்ணுகிறேன்.

பின்னாளில் 'கற்பழிப்பு' என்ற சொல்லை எம் பக்கங்களிலிருந்து நீக்கினோம், 'வல்லுறவு' வந்தது. அதற்கு ஆசிரியபீடத்தில் வாக்குவாதம் நடந்தது. வாசகருக்கு விளங்காது என்றார்கள். விளங்கியது. புதிதாக வரும் இளைய செய்தியாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாக்கியத்தின் எழுவாயாகக் குற்றத்தைச் செய்தவனை வையுங்கள், பிறகு மிகுதியை எழுதுங்கள். அந்தப் பிள்ளையை ஊரவர் அடையாளங் காண்பார்களா என்று, அவளுடைய அயல்வீட்டுக்காரராக உங்களைக் கற்பனை செய்து ஒருதரம் வாசித்துப் பாருங்கள். இன்று கைபேசியைத் திறந்தால், பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டுப் படலையைக்கூடப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். நாம் செய்ததையே அவர்கள் வேகமாகச் செய்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதாகியிருக்கும். வழக்கு என்னவாயிற்று என்று நான் தேடவில்லை. கைது நடந்த நாளில் எமக்குச் செய்தியாக இருந்தது, தீர்ப்பு நாளில் செய்தியாக இருக்கவில்லை.

துணுக்கை மறுபடி கோவைக்குள் வைத்தேன். "இத எழுதினது ஆரு?" என்று அந்தத் தாய் கேட்டார். அப்போது சொல்லாததை இங்கு எழுதிவைக்கிறேன். நான்தான் அம்மா.