மரை பொருந்தினா போதுமா?

நான் அடிப்படையில பொட்டி தட்டுறவன். காலேஜ்ல ஈ.சி.ஈ. படிச்ச பாவத்துக்கு, ஆபீஸ்ல ரேடியோ லேப் பக்கம் ஆணி புடுங்க அனுப்பிட்டாங்க. மக்களே, அங்க என்னை அதிகம் படுத்தினது கோட் இல்லை, கேபிள் முனையில இருக்குற குட்டியூண்டு கனெக்டர்.

எஸ்.எம்.ஏ. கனெக்டரை எடுத்துக்கங்க. வெளியில மரை உள்ள பக்கத்துக்கு நடுவுல துளை, நட்டு உள்ள பக்கத்துக்கு நடுவுல ஊசி. வைஃபை ரௌட்டர் ஆன்டெனாவுல பார்த்தீங்கன்னா பெரும்பாலும் ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. இருக்கும். மரை அதேதான், ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். கண்ட ஆன்டெனாவையும் ஜனங்க மாட்டிடக் கூடாதுன்னு அமெரிக்காவோட எஃப்.சி.சி. விதி (பகுதி 15) தனித்துவமான கனெக்டர் கேட்டுது. அதுக்காக வந்தது இது. இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்குது. பூட்டு, சாவி ரெண்டையும் ஒரே கடையில விக்கிற கதை :-)

எங்க லேப்ல ஒரு தடவை சிக்னலே வரலை. "சாஃப்ட்வேர் பக்"னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் லாகைப் படிச்சேன். கடைசியில பார்த்தா, புதுசா வந்த கேபிள் ஆர்.பி. ரகம். துளைக்கு எதிர்ல துளை. நட்டு என்னமோ ஜம்முனு இறுகியிருந்துச்சு, நடுவுல தொடுப்பே இல்லை. ஆர்டர் போட்ட ஆசாமி ஒரு சாரி கூட சொல்லலைங்க!

இதாவது பரவாயில்லை, வேலை செய்யலைன்னு உடனே தெரிஞ்சுடும். வேலை செய்யுற மாதிரி நடிக்கிறதுதான் மோசம். எஸ்.எம்.ஏ., 3.5 மி.மீ., 2.92 மி.மீ. மூணும் ஒண்ணோட ஒண்ணு சேரும். முதலாவதுல டெஃப்லான் அடைச்சிருக்கும், வழக்கமா 18 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும். மத்த ரெண்டுலயும் நடுவுல வெறும் காத்து, 26.5, 40 வரைக்கும் போகும். சேர்த்து மாட்டினா சின்னவனோட எல்லைதான் எல்லாருக்கும். அதுகூட பெரிசில்லை. மட்டமான எஸ்.எம்.ஏ. கேபிள்ல ஊசி கொஞ்சம் துருத்திக்கிட்டு இருந்தா, விலை உயர்ந்த நெட்வொர்க் அனலைசரோட வாயில இருக்குற மெல்லிய விரல்களை நசுக்கிடும். அதனாலயே பலிகடாவா ஒரு அடாப்டரை அனலைசர்ல நிரந்தரமா மாட்டி வெச்சிருப்பாங்க.

2.4 மி.மீ., 1.85 மி.மீ. ரெண்டும் தனிக் குடும்பம். தங்களுக்குள்ள சேரும், எஸ்.எம்.ஏ.வோட மரையே ஏறாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இதுதான்.

என்-டைப்புக்கு அந்த நல்ல புத்தி இல்லை. 50 ஓம், 75 ஓம் ரெண்டுக்கும் வெளித்தோற்றம் ஒண்ணு, ஆனா 75க்கு ஊசி ஒல்லி. 50 ஓம் ஊசியை 75 ஓம் துளையில திணிச்சா துளை விரிஞ்சு நாசம். மாத்தி மாட்டினா, தொட்டும் தொடாம ஆடிக்கிட்டு இருக்கும். காலையில பாஸ் ஆன டெஸ்ட் சாயங்காலம் ஃபெயில், திட்டு யாருக்கு? பொட்டி தட்டுறவனுக்கு. பி.என்.சி. கொஞ்சம் சாது. இப்ப வர்ற 50, 75 ரெண்டும் பொதுவா சேதமில்லாம சேரும், இணைப்புல சுமார் 4% சக்தி திரும்பி வரும், அவ்வளவுதான்.

எங்க லேப் அண்ணன் ஒருத்தர், எந்தக் கேபிள் வந்தாலும் லென்ஸ் வெச்சு வாயைப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவார். போன வாரம் ஆர்.பி. கேபிளுக்கெல்லாம் மஞ்சள் டேப் சுத்தினோம். டேப் தீர்ந்துபோச்சு, இன்னும் நாலு கேபிள் பாக்கி.