ஆறிப்போகாத நுரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இரண்டு முறை தண்ணீர் கொதிக்கும். முதலில் காப்பிக்கு. அடுத்தது அப்பாவின் முகச்சவரத்துக்கு.

அப்பாவுக்கு வயது 78. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிய கையோடு, பக்கத்திலுள்ள முடிதிருத்தகத்தில் சவரம் செய்துகொண்டு வருவது அவருடைய நெடுநாள் வழக்கம். சென்ற ஆண்டு முதல் கை நடுக்கம், நடையும் தளர்ந்துவிட்டது. மின்சார ஷேவர் வாங்கிக் கொடுத்தோம். “என்னப்பா இது, காதுக்குள்ள வண்டு போன மாதிரி” என்று ஒதுக்கிவிட்டார். பிரஷ் என் கைக்கு வந்தது.

நான் சவரம் கற்றது தேசிய சேவையில். டப்பா நுரையை அப்பி, இரண்டு நிமிடத்தில் வழித்து முடிப்போம். இன்னொருவர் முகத்தில் கத்தி வைக்க அந்த வேகம் உதவாது. மெதுவாகச் செய்தாலோ நுரை ஆறிவிடும். குளிர்ந்த நுரை பட்டதும் அப்பா வெடுக்கென்று முகத்தை விலக்குவார். கையில் கத்தி இருக்கும்போது அந்த ஓர் அசைவே பயமுறுத்தும்.

நுரையில் பெரும்பகுதி காற்றுதான். சூட்டைப் பிடித்துவைக்கும் தண்ணீர் அதில் கொஞ்சமே. அதுவும் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் சவரம் முடியும்வரை மின்விசிறியை நிறுத்திவிடுவேன்.

குழந்தையின் பால் புட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவோமே, அதே முறைதான் நுரைக்கும். பெரிய பீங்கான் பாத்திரத்தில் வெந்நீர். அதற்குள் சிறிய எவர்சில்வர் கிண்ணம். பீங்கான் மெதுவாக ஆறும். எவர்சில்வர் சூட்டைச் சட்டென்று உள்ளே கடத்தும். வெளிநாடுகளில் இதற்கென்றே இரட்டைச் சுவர் கோப்பைகள் விற்கிறார்கள். நம் சமையலறையில் இருப்பதே போதும்.

முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைக்கவேண்டும். தண்ணீரை உறிஞ்சிய முடி மென்மையாகிவிடும், பிளேடு இழுக்காது. அதற்குள் பிரஷ் வெதுவெதுப்பான நீரில் ஊறியிருக்கும். அதை உதறி, சோப்பில் அரை நிமிடம் சுழற்றி, பிறகு கிண்ணத்தில் சில சொட்டுகளாக நீர் சேர்த்து அடிக்கவேண்டும். கெட்டித் தயிர்ப் பதம் வந்தால் சரி. சூடு அதிகமானால் நுரை நீர்த்து உடைந்துவிடும். ஏறக்குறைய 40 டிகிரி போதும். வயதானவர்களுக்குச் சில நேரம் சூடு உறைக்காது. ஆகவே முதலில் என் மணிக்கட்டில் தடவிப் பார்ப்பேன்.

முகம் முழுவதும் ஒரேயடியாகப் பூசுவதில்லை. கன்னம், தாடை, கழுத்து என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து புதிதாக எடுத்துப் பூசி, முடி வளரும் திசையிலேயே மழிக்கிறேன்.

“ஊர்க் கிணத்துத் தண்ணியில சோப்பு இப்படிப் பொங்காது” என்பார் அப்பா. உண்மைதான். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும். இங்கே குழாய் நீரில் கொஞ்சம் சோப்பே போதுமாக இருக்கிறது.

மொத்தம் 25 நிமிடம் ஆகிறது. வார நாட்களில் நாங்கள் பேசிக்கொள்வது “சாப்பிட்டீங்களா”, “மருந்து போட்டாச்சா” அளவுதான். இந்த 25 நிமிடத்தில் அவருக்குப் பழைய தேக்கா வந்துவிடுகிறது. 1982ல் கண்டாங் கர்பாவ் சந்தை சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறியபோது புதிய கட்டடத்துக்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். “யாரு அப்படிக் கூப்பிட்டா? எல்லாருக்கும் தேக்காதான்” என்று சிரிப்பார். 2000ல் அந்தப் பெயரே அதிகாரபூர்வமாக நிலைத்தது. தாடைக்கு வந்ததும் பேச்சை நிறுத்தச் சொல்வேன். கழுத்துக்கு நுரை பூசும்போது, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இப்போதெல்லாம் பிளாஸ்கில் கூடுதல் வெந்நீரும் வைத்துக்கொள்கிறேன். கதை நீண்டால் கிண்ணத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் செய்ய நினைத்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மின்சார ஷேவரே நல்லது. வெந்நீர்த் துண்டை மட்டும் சவரம் முடிந்த பிறகு முகத்தில் வையுங்கள்.