தேநீர்த் தண்ணீர்ச் சரிவில் ஒரு வெள்ளைக் கிட்டார்

தோக்கியோவில் கிட்டார் பார்க்க எங்கே போகலாம் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பெயர்தான் வரும்: ஒச்சனோமிசு. ‘தேநீருக்கான தண்ணீர்’ என்று பொருள். ஷோகனின் தேநீருக்கு இங்கிருந்த ஊற்றிலிருந்து நீர் போனதால் வந்த பெயராம். இன்று ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து, மெய்ஜி பல்கலைக்கழகத்தைக் கடந்து இறங்கும் சாலைச் சரிவில் நடந்தால் இரண்டு பக்கமும் கிட்டார் கடைகள். நடைபாதையில் மலிவு விலைக் கிட்டார்கள் வரிசையாக நிற்கின்றன. மாடி ஏற ஏற விலையும் ஏறுகிறது. நம் சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான உலகம்தான். ஆனால் அது ஒரு கட்டடம். இது ஒரு தெரு. காலை 11 மணிக்கு முன்னால் போய்ப் பயனில்லை, பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது. அதுவரை நேரத்தைக் கழிக்கச் சரிவின் அடியில் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன.

எல்லாரும் இங்கே வாங்க வருவார்கள். நானோ விற்க வந்திருந்தேன். குறைந்தபட்சம், விலை கேட்க.

என் கையில் இருந்தது ஐபனீஸ் ஜெம் 7வி. வெள்ளை உடல், தங்க நிற உலோகப் பாகங்கள், விரல்பலகை நெடுகப் படரும் கொடி, உடலிலேயே குடைந்த ஒரு கைப்பிடி. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயின் பெயரில் வருவது. 2012இல் பெனின்சுலாவில், இன்னொருவர் வாசித்து முடித்ததை வாங்கினேன். அப்போது எனக்குத் திருமணம் ஆகவில்லை. மூன்று மாதச் சம்பளத்தை ஒரு கிட்டாருக்குக் கொடுப்பதை யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது புதிய வீவக வீட்டுக்குச் சாவி வாங்கியாயிற்று. சமையலறை அலமாரிக்குத் தச்சர் சொன்ன தொகையைப் பார்த்தபின், வரவேற்பறை மூலையில் பெட்டிக்குள் இருக்கும் கிட்டாரைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஜப்பானுக்குப் பயணம் எப்படியும் ஏற்பாடாகியிருந்தது. “விக்கணும்னா வில்லுங்க. ஆனா எனக்காக வித்தேன்னு பின்னாடி சொல்லாதீங்க” என்றார் மனைவி.

‘சிக்னேச்சர்’ கிட்டார் என்றால் கலைஞரின் கையெழுத்தைப் போட்டு விலையைக் கூட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவை உண்டு. 1987இல் வெளிவந்த ஜெம் அந்த வகை இல்லை. கேட்டது எதுவும் கடையில் கிடைக்காததால் வாய் தன் கிட்டார்களைத் தானே வெட்டியும் செதுக்கியும் வைத்திருந்தார். நிறுவனம் அவற்றை எல்லாம் ஒரே கருவியில் சேர்த்தது. முதல் பச்சைநிறப் பதிப்பில் 777 கிட்டார்களில் மட்டும்தான் அவரே கையெழுத்திட்டார். என்னுடையதில் கையெழுத்து எதுவும் இல்லை.

இதன் உயிர்நிலை பிரிட்ஜ். சாதாரணக் கிட்டாரில் அது உடலோடு அசையாமல் இருக்கும். இதில் இரண்டு திருகாணிகளின்மேல் கத்திமுனைபோல் ஊன்றி நிற்கிறது. முன்பக்கம் ஆறு தந்திகள் இழுக்க, பின்பக்கம் சுருள்வில்கள் இழுக்க, நடுவில் மிதக்கிறது. கம்பியை அழுத்தினால் சுருதி பாதாளத்துக்கு இறங்கும். மேலே தூக்கினால் வீறிட்டு ஏறும். விட்டால் சொன்ன இடத்துக்கே திரும்பும். ஃபுளோய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் 1970களில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. மேடையில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் ஒரே நொடியில் சுருதி ஏறிவிடும். தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட வேண்டும். ஆறையும் சேர்த்துக் கழற்றினால் அன்றைய மாலை போயிற்று. விமானத்தில் ஏற்றுவதற்குமுன் பிரிட்ஜின் அடியில் மடித்த அட்டையைச் செருகிவைப்பது என் வழக்கம். கோபக்கார மாமாவைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போவதுபோல, எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீணை கற்ற என் அக்கா இந்தக் கிட்டாரை முதலில் பார்த்தபோது ஃபிரெட்டுகளைத்தான் எண்ணினார். 24. வீணையிலும் 24 மெட்டுகள்தான், இரண்டு ஸ்தாயிகள். கடைசி நான்கு ஃபிரெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகக் குடையப்பட்டிருக்கிறது. விரல் மரத்தில் படாமல் தந்தியை மட்டும் பிடிக்கும், வளைக்க எளிது. வீணையில் மெழுகில் ஊன்றிய மெட்டுகளின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுப்பதும் இதே கணக்குதான். 1970களில் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாக்லின் வாசித்த கிட்டாரின் விரல்பலகை முழுவதும் இப்படிக் குடையப்பட்டிருந்தது. அவர் வீணை பயின்றவர். நம்முடைய ஒன்று எங்கோ சுற்றி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஜெம்முக்கு அப்படி நேர்வழி இருப்பதாக எங்கும் படித்ததில்லை. அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. மேல் ஃபிரெட்டுகளில் ஒரு காம்போதி பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, “போதும், நல்லாவே பேசுது” என்றார்.

ஒச்சனோமிசு கடைக்காரர் இளைஞர். ஒரு கம்பளி விரிப்பைப் பரப்பி, கிட்டாரைக் குழந்தையைப்போல் கிடத்தினார். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தார். சிறிய விளக்கை அடித்து ஒவ்வொரு ஃபிரெட்டாகச் சோதித்தார். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் என் விரல்கள் போட்ட பள்ளங்கள், வியர்வையில் தங்கம் உதிர்ந்து சாம்பல் நிறமாகிவிட்ட பிரிட்ஜ், முதுகில் இடுப்புவார் கீறிய கோடுகள் எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டார். 180,000 யென். ஏறக்குறைய 1,600 வெள்ளி. பிறகு கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: வாசிக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தால் இதைவிடக் கணிசமாகக் கிடைத்திருக்கும்.

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு உறைத்தது வேறு. அந்தத் தாளில் எழுதிக் கழிக்கப்பட்டவை எல்லாம் என் 12 ஆண்டு வெள்ளிக்கிழமை இரவுகள். அலுவலகம் முடிந்து வாடகைப் பயிற்சி அறையில் நான்கு நண்பர்களோடு வாசித்த நேரம். வீட்டில் எல்லாரும் தூங்கியபின் ஹெட்ஃபோனில் வாசித்த நேரம். யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியை மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஷின்ஜுக்குவிலிருந்து அசுசா விரைவு ரயிலில் மாட்சுமோட்டோ போனோம். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மனைவிக்குக் கறுப்புக் கோட்டை பார்க்க வேண்டும். எனக்கு வேறு காரணம். கிட்டாரின் தலைப்பகுதிக்குப் பின்னால் உள்ள வரிசை எண் ‘எஃப்’ என்று தொடங்குகிறது. ஃபுஜிஜென் தொழிற்சாலையின் முதலெழுத்து. 1960இல் இந்த ஊரில் தொடங்கியது அது.

ஐபனீஸின் கதை விசித்திரமானது. நகோயாவில் ஒரு புத்தகக் கடையின் இசைக்கருவிப் பிரிவாக 1908இல் தொடங்கியது ஹோஷினோ. ஸ்பெயினின் சால்வடார் இபான்யெஸ் செய்த கிட்டார்களை இறக்குமதி செய்து விற்று, பிறகு அந்தப் பெயரையே தன் கருவிகளுக்குச் சூட்டிக்கொண்டது. அமெரிக்கக் கிட்டார்களை நகலெடுத்துப் பெயர்பெற்ற காலமும் உண்டு. கிட்டார் தலையின் வடிவத்துக்காக 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. பத்தே ஆண்டுகளில் ஜெம் வந்தது. இப்போது மற்றவர்கள் இதை நகலெடுக்கிறார்கள். ஸ்பெயின்காரர் பெயர், அமெரிக்கரின் கையெழுத்து, ஜப்பானிய மலையூர்த் தச்சர்களின் கை. அந்தத் தச்சர்களின் பெயர் கிட்டாரில் எங்கும் இல்லை.

மாட்சுமோட்டோ ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த சமவெளி. மரச்சாமான்களுக்குப் பெயர்போன ஊர். பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கும் சுசுகி முறையை உருவாக்கிய ஷினிச்சி சுசுகி 1946இல் பள்ளி தொடங்கியதும் இங்கேதான். தெருவோரக் கிணறுகளில் மலைநீர் ஊறி வழிகிறது. ஆனால் காற்று நவம்பரில் அப்பளம்போல் உலர்ந்திருக்கிறது. தொழிற்சாலைக்குள் நான் போகவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. கோட்டையைச் சுற்றினோம், அகழியில் அன்னங்கள், பின்னால் பனிமூடிய மலைகள். சோபா உணவகம் ஒன்றில் சூடான குழம்பில் கை நனைத்தோம். போதுமான பகல் அது.

இரவு விடுதியில் பெட்டியைத் திறந்து கழுத்தில் கையை ஓட்டியபோது ஃபிரெட்டுகளின் முனைகள் ரம்பம்போல் விரலைக் கீறின. உலர்ந்த காற்றில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. சிங்கப்பூரின் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதத்தில் இத்தனை ஆண்டுகள் ஊறிக் கிடந்த மரம், பிறந்த ஊருக்கு வந்ததும் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. பிரிட்ஜும் சாய்ந்திருந்தது; ஆறு தந்தியும் சுருதி விலகியிருந்தன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தேன். “நீங்க விக்கப் போறதில்ல” என்றார் மனைவி, பல் துலக்கிக்கொண்டே. நான் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய இரண்டு வாரத்தில் முனைகள் தாமாக அடங்கிவிட்டன. பள்ளம் விழுந்த ஃபிரெட்டுகள் அடங்குமா? யூபி தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு வழி சொன்னார். பழையபடி நிக்கல் ஃபிரெட் போட்டால் சேகரிப்பாளர்கள் கொஞ்சமாவது மதிப்பார்கள். ஆறேழு ஆண்டில் மறுபடியும் தேயும். துருப்பிடிக்காத எஃகு போட்டால் என் கைக்கு இந்த ஆயுளுக்குத் தேயாது. ஆனால் மூலப் பாகம் மாறிப்போன கிட்டார் என்று விலை இன்னும் இறங்கும்.

எஃகு என்றேன். 650 வெள்ளி, மூன்று வாரம்.

“அப்ப இனிமே விக்கவே முடியாதா?” என்று கேட்டார் மனைவி.

“முடியும். 180,000 யென் கிடைக்காது.”

தச்சருக்குத் தொலைபேசியில் அழைத்து, மேல் வரிசை அலமாரியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.