பழநி மலைப்படியும் அறுபது வயது முழங்காலும்

பழநி அடிவாரத்தில் பாத விநாயகரைக் கும்பிட்டு நிமிர்ந்ததும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். படியா, வின்ச்சா, ரோப் காரா? பிள்ளைகள் "படி" என்று குதிப்பார்கள். கடைசியில் எல்லோர் பார்வையும் வீட்டுப் பெரியவரின் முழங்காலில் போய் நிற்கும். "நீங்கள்லாம் ஏறி வாங்கப்பா... நான் வின்ச்சுல வந்துடுறேன்" என்று அவர் சொல்லிவிட்டால் பஞ்சாயத்து முடிந்தது.

தண்டாயுதபாணியைப் பார்க்க மலையேறுவதற்கு நான்கு வழிகள் உண்டு. 600-க்கும் மேற்பட்ட படிகள் கொண்ட படிப்பாதை. சரிவாகவும் அகலமாகவும் வளைந்து போகும் யானைப்பாதை. 1960-களில் வந்த வின்ச். 2004-ல் வந்த ரோப் கார். பின்னிரண்டும் சில நிமிடங்களில் உச்சியில் இறக்கிவிடும். காற்று பலமாக வீசினால் மட்டும் ரோப் கார் நின்றுவிடும்.

வருடம் தவறாமல் பழநிக்கு வரும் குடும்பங்களுக்கு இந்தப் படிகள் ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி. நாற்பது வயதில் ஒரே மூச்சில் ஏறியவர், ஐம்பதில் இடும்பன் சந்நிதியருகே கொஞ்சம் உட்காருவார். அறுபதில் உட்காரும் இடங்கள் நான்கைந்தாகிவிடும். அதன் பிறகு ஒரு வருடம், எவரும் எடுத்துச் சொல்லாமலே வின்ச் வரிசையில் போய் நின்றுவிடுவார். "வயசாகிடுச்சுல்ல..." என்று ஒரு வார்த்தையில் கணக்கு முடிந்துவிடும்.

ஆனால், அதே மலையில் எழுபது வயதைத் தாண்டியும் கைப்பிடிக் கம்பியைத் தொட்டபடி, நிதானமாக, ஒவ்வொரு படியாக ஏறிப் போகிறவர்களையும் பார்க்க முடிகிறது. தைப்பூச சமயத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நகரத்தார் காவடியோடு நடந்து வருவது பல தலைமுறை வழக்கம். அந்தக் கூட்டத்திலும் தலை நரைத்தவர்கள் உண்டு. மலையேறிவிட்டு நடந்தே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. வயது மட்டுமே காரணம் என்றால் இவர்கள் எப்படி ஏறுகிறார்கள்?

ஒற்றைக்கால் எடைப் பயிற்சி

படியேறுவதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். ஒவ்வொரு படியிலும் ஒரு கால்தான் மொத்த உடம்பையும் மேலே தூக்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 600 படி ஏறினால், ஒவ்வொரு காலும் அந்த எடையை 300 முறை தூக்கியிருக்கிறது. ஜிம்மில் இதற்குப் பெயர் எடைப் பயிற்சி. அதைச் செய்பவை தொடையின் முன்புறத் தசைகளும், பின்புறமும் இடுப்பும் சேர்ந்த பெரிய தசைகளும்.

சமதளத்தில் நடக்கும்போது இந்தத் தசைகளுக்கு இவ்வளவு வேலை இல்லை. மலையைச் சுற்றியுள்ள கிரி வீதியில் தினமும் வலம் வருவது இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. ஆனால், "தினமும் நடக்கிறேனே, படி மட்டும் ஏன் ஏற முடியலை?" என்ற கேள்விக்குப் பதில் தசை வலுவில் இருக்கிறது. முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு தசை மெதுவாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. பயன்படுத்தாத தசை இன்னும் சீக்கிரம் கரைகிறது.

மலையேற முடியாமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. முருகன் வின்ச்சில் வருகிறவர்களுக்கும் அருள்கிறவர்தான். ஆனால், மலையில் வின்ச் இருக்கிறது, வீட்டுக் குளியலறையில் இல்லை. டவுன் பஸ்ஸின் முதல் படியில் இல்லை. தாழ்வான சோபாவிலிருந்து எழுவதற்கும், தடுமாறும்போது சட்டென்று காலை ஊன்றி விழாமல் நிற்பதற்கும் அதே தொடைத் தசைதான் வேண்டும். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதன் பிறகு பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ்வது பலருக்குக் கடினமாகிவிடுகிறது.

தொண்ணூறிலும் தசை வளரும்

கரைந்த தசை திரும்பி வருமா? வரும் என்பதற்கு நல்ல சான்று 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் 9 சதவிகிதம் பெருகியது. தொண்ணூறு வயதில் இது நடக்குமென்றால், அறுபதில் "இனிமே என்ன இருக்கு" என்று சொல்ல நியாயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது என்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி தேவை.

அதற்கு ஜிம் தேடிப் போக வேண்டியதில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். வாசலின் முதல் படியில் ஏறி இறங்கலாம். சுவரருகே நின்று ஒற்றைக்காலில் பத்து எண்ணலாம். ஒவ்வொன்றையும் பத்து முறையில் தொடங்கி, சுலபமாகத் தோன்றும்போது கொஞ்சம் கூட்ட வேண்டும். கடைசி இரண்டு முறை சற்றுச் சிரமமாக இருந்தால்தான் தசைக்கு அது பயிற்சி.

சாப்பாட்டில் பயறு, சுண்டல், தயிர், முட்டை என்று புரதமும் தினமும் இருக்கட்டும். பஞ்சாமிர்தம் நாவுக்கு இனிப்பு. தசைக்கு அது மட்டும் போதாது!

இறங்கும்போதுதான் கவனம்

பழநிப் படியில் மூச்சு வாங்குவது ஏறும்போது. முழங்கால் கெஞ்சுவது இறங்கும்போது. இறங்குகையில் உடம்பின் எடையைப் பிரேக் பிடிப்பது போலத் தொடைத் தசை தாங்க வேண்டும். அது சோர்ந்தால் பாரம் மூட்டில் இறங்கும். ஒரு காலில் வலி இருப்பவர்களுக்குப் பிசியோதெரபி மருத்துவர்கள் சொல்லித் தரும் எளிய விதி இது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கை, கம்பியை விடக் கூடாது.

கல் சுடுவதற்கு முன், விடியற்காலையில் ஏறுவது நல்லது. பழக்கமில்லாதவர்கள் யானைப்பாதையில் ஏறிவிட்டு வின்ச்சில் இறங்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பயிற்சியையும் படியையும் தொட வேண்டும்.

உச்சியில் தரிசனம் முடித்துப் பிராகாரத்தில் நின்றால், ஒருபுறம் இடும்பன் மலை, தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர், கீழே ஊரும் குளமும் தெரியும். ஏறி வந்த களைப்புக்கு அந்தக் காற்றே மருந்து.

வருகிற தைப்பூசத்துக்குப் படியேற நினைப்பவர்கள் ஐப்பசியிலேயே நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். மூன்று மாதம் கையில் இருக்கும். தசை கெட்டிப்பட அது நல்ல அவகாசம்.