அம்மா போட்ட சரிக்குறிகள்



மே மாதம் பிறந்துவிட்டால் பள்ளிகளில் ஆசிரியர் தினக் கொண்டாட்டம் களைகட்டிவிடும். 1956ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ரசாக் அறிக்கை கூட்டரசுச் சட்டமன்றத்தில் ஏற்கப்பட்டது. அதன் நினைவாகவே அந்நாள் நம் நாட்டில் ஆசிரியர் தினமாயிற்று. பேனா, குவளை, எழுத்துப்பிழையோடு கூடிய வாழ்த்து அட்டை என்று மேசை நிறைந்துவிடும்.

அதற்கு நான்கு நாள் முன்னதாக மே 12ஆம் நாள் ஓசையின்றிக் கடந்து போகும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த அந்த நாள் அனைத்துலகத் தாதியர் தினம். இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் நான், அண்மைக்காலம்வரை அந்நாளை எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்பொழுது ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் படித்த பாடத்தை எனக்கு மீண்டும் ஒருமுறை நடத்திக் காட்டியவர் ஒரு தாதி. இது அந்தக் கதை.

என் அம்மாவுக்கு இப்பொழுது வயது 74. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருள் பிரியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார். பின்னாளில் ரப்பர் மரங்கள் விழுந்தன, செம்பனை எழுந்தது. லயத்துக் குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறின. நாங்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம்.

தோட்டத்தில் மருத்துவம் என்றால் அது டிரசர்தான். காய்ச்சல் என்று போனால் மருந்துத் தண்ணீரும் இரண்டு மாத்திரையும் கொடுப்பார். காய்ச்சல் போனதும் மருந்தும் நின்றுவிடும். நோய் வரும், மருந்து வரும், இரண்டும் சேர்ந்து போய்விடும். அம்மா தம் வாழ்நாளில் அறிந்திருந்த மருத்துவக் கணக்கு அவ்வளவே.

இனிப்புநீர் இந்தக் கணக்கிற்குள் அடங்கவில்லை. "எத்தனை மாசம் சாப்பிட்டா இது சரியாகும்?" என்று அம்மா முதல் நாளே கேட்டார். "இது சரியாகாதும்மா, கட்டுப்பாட்டில்தான் வைக்கணும்" என்றேன். அந்த மறுமொழி அவருக்கு எப்படி விளங்கியிருக்கும் என்று நான் அன்று சிந்திக்கவில்லை. 'தீராத நோய்க்கு எதற்கு மருந்து?' என்றுதான் அவர் எண்ணியிருக்கிறார்.

மெட்ஃபார்மின், இரத்தக் கொதிப்பு மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பிறகு இரவில் இன்சுலின் என்று பட்டியல் நீண்டது. நான் ஆசிரியை அல்லவா? மணிலா அட்டையில் கட்டம் போட்டு, காலை மதியம் இரவு என்று வண்ண மையில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். மருந்து சாப்பிட்டதும் கட்டத்தில் சரிக்குறி போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாலையும் பள்ளி விட்டு வந்ததும் அட்டையைப் பார்ப்பேன். ஒரு கட்டம்கூட விடுபட்டிருக்காது. மனநிறைவோடு மாணவர் பயிற்சி நூல்களைத் திருத்த உட்கார்ந்துவிடுவேன்.

2022ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கும்போது அம்மாவின் காலுறையில் மஞ்சள் கறையைக் கண்டேன். வாடையும் இருந்தது. வலப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிறு விரலுக்கு அடியில் ஒரு புண், விரலையே அரித்துக்கொண்டிருந்தது. செருப்பில் ஏறிய சிறு கம்பி குத்திய காயம் அது. பல நாளாக அதன்மேலேயே நடந்திருக்கிறார். "வலிக்கலையே பாப்பா" என்றார்.

வலிக்காததுதான் நோய் என்பதை மருத்துவமனையில் அறிந்துகொண்டேன். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் உணர்வை இழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. காயம் பட்டது தெரியாது; பட்ட காயம் எளிதில் ஆறாது. அம்மாவின் சிறு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் வார்டில் இருந்த நாளில், வீட்டில் அவருடைய துணிகளை எடுக்கப் போனேன். அலமாரியின் மூலையில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. குலுக்கினால் சத்தம் கேட்டது. திறந்தேன். மாத்திரைகள்! எண்ணிப் பார்த்தேன். 61. அத்தனையும் மெட்ஃபார்மின்.

அன்று மாலை வார்டுக்குப் போய் நான் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொய்யாகச் சரிக்குறி போட்டு ஏமாத்தினியா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "நீ ரைட்டுதானே பாப்பா கேட்ட? போட்டேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுப்பாடத்தைப் பார்த்தெழுதி வரும் மாணவனை எனக்குத் தெரியும். அவன் எழுதியிருக்கிறானா என்று மட்டும் பார்க்கும் ஆசிரியரிடம்தான் அவன் அப்படிச் செய்வான். அந்த ஆசிரியர் நானாகவே இருந்திருக்கிறேன், அதுவும் என் சொந்த அம்மாவுக்கு.

மறுநாள் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு மலாய்த் தாதி வந்தார். தோட்டத்து மக்கள் பேசும் மலாயில் அம்மாவும் அவரும் உரையாடிக்கொண்டார்கள். அவர் டின்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டே, "அம்மா, அந்த மாத்திரை போட்டால் வயிறு என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

ஒரே கேள்வி. அம்மா மடை திறந்தாற்போல் பேசினார். மாத்திரை போட்டால் வயிறு கலங்குகிறது, வயிற்றுப்போக்கு. ஒருநாள் நான் பள்ளியில் இருந்தபோது கழிவறைக்குப் போய்ச் சேர முடியவில்லை. நான் வருவதற்குள் தாமே தரையைக் கழுவித் துணியையும் அலசிக் காயப்போட்டிருக்கிறார். மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற அச்சம்! அன்றிலிருந்து அந்த ஒரு மாத்திரை மட்டும் டின்னுக்குள் போயிருக்கிறது. மற்ற மாத்திரைகளை ஒழுங்காகவே சாப்பிட்டிருக்கிறார்.

மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் தொல்லை குறையும்; மெதுவாகக் கரையும் வகை மாத்திரையும் உண்டு. தாதி மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் மருந்தை மாற்றினார். ஆண்டுக்கணக்கில் என் வண்ண அட்டையால் முடியாதது பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிறகு அந்தத் தாதி ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, பாதத்தின் அடிப்பகுதியை அதில் எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். அம்மா கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மரத்துப் பட்டையைப் பார்க்கற மாதிரிதான் இதுவும்" என்றார். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் பட்டை சீராக வளராது, முடிச்சு விழும். எனவே ஒவ்வொரு நாளும் வெட்டிய இடத்தைப் பார்த்துத்தான் சீவ வேண்டும் என்று தாதிக்கு விளக்கம் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது எங்களுக்குப் பயிற்சிக் கழகத்தில் கற்பித்த முதல் கோட்பாடு. முப்பது ஆண்டு பட்டை பார்த்த கண்ணுக்குத் தன் பாதத்தைப் பார்க்கத் தெரியாதா? நான்தான் அந்தக் கண்ணை நம்பாமல் அட்டையை நம்பினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மாறியவற்றை இங்கே எழுதுகிறேன். யாருக்கேனும் பயன்படலாம்.

1. "மருந்து சாப்பிட்டாயா?" என்று இப்பொழுது கேட்பதில்லை. "சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். முதல் கேள்விக்கு 'ம்' என்பதே மறுமொழி. இரண்டாவதற்குக் கதை கிடைக்கிறது.

2. இரவில் பாதம் பார்க்கிறோம். விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்கிறோம். வீட்டுக்குள்ளும் செருப்பு; போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். சுடுநீரில் கால் வைப்பது அறவே இல்லை. உணர்விழந்த காலுக்குச் சூடு தெரியாது.

3. திறக்காத இன்சுலின் குளிர்ப்பெட்டியில் இருக்கும்; ஆனால் உறையும் பகுதியில் வைப்பதில்லை. ஊசி போடும் இடத்தை நாள்தோறும் மாற்றுகிறோம். ஒரே இடத்தில் போட்டால் தோலடியில் கட்டி தோன்றி, மருந்து சரியாக ஏறாது.

4. சர்க்கரை மிகுவது மட்டுமன்று, குறைவதும் ஆபத்து. ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு அம்மா வியர்த்து நடுங்கினார். கருவி 3.4 காட்டியது. அளவு 4க்குக் கீழ் இறங்கினால் காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

5. கழிவறைக்குப் போகும் வழியில் கைப்பிடி பொருத்தினோம். இரவு விளக்கும் எரிகிறது. அம்மாவின் வெட்கத்திற்கு நான் செய்த முதல் மரியாதை அதுதான்.

இவ்வளவும் செய்து அம்மா நோயிலிருந்து விடுபட்டுவிட்டாரா? இல்லை. சென்ற மாதம்கூடக் கோப்பியில் பால்கட்டி கலந்து குடித்துவிட்டுக் கிண்ணத்தை அவசரமாகக் கழுவி வைத்தார். தீராத நோயைப் பேணுவதில் வெற்றி நாள் என்று ஒன்று இல்லை. நாள்தோறும் வருகைப் பதிவேடு எடுப்பதைப்போல அது நாளைக்கும் உண்டு. நாளை மறுநாளும் உண்டு.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிகுதி. நம் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு மருந்துப் பை தொங்கும்.

தோட்டத்தில் ஆயாக்கொட்டாய் இருந்தது நினைவிருக்கிறதா? தாய்மார் மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்வார். கிழவிகளுக்கு அப்படித் தனியாகக் கொட்டாய் தேவைப்படவில்லை. லயத்து வாசலே போதும். யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார். இன்று அடுக்குமாடியிலும் தரைவீட்டிலும் காலை ஏழு மணிமுதல் மாலைவரை நம் முதியோர் தொலைக்காட்சியோடு தனித்திருக்கின்றனர். படுக்கையிலேயே இருப்பவர்களுக்குச் சில அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளிலிருந்து தாதியர் வீடு தேடி வந்து கவனிக்கும் சேவை உண்டு. பெராவாத்தான் டொமிசிலியாரி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நடமாட முடிந்தவர்களுக்குச் சமூக நலத்துறையின் பாவே எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் உள்ளன. தெரியாததாலேயே பலர் கேட்பதில்லை.

சென்ற தாதியர் தினத்தன்று என் இரண்டாம் வகுப்பு மாணவர்களிடம், "யார் வீட்டில் தாத்தா பாட்டிக்கு இனிப்புநீர் இருக்கிறது?" என்று கேட்டேன். பத்தொன்பது பேரில் பதினோரு கைகள் உயர்ந்தன. ஒரு சிறுமி எழுந்து நின்று பெருமையோடு சொன்னாள்: "டீச்சர், எங்க பாட்டிக்குக் கண்ணு தெரியாது. நான்தான் ஊசிப் பேனாவுல நம்பர் பார்த்துத் திருப்பித் தருவேன்!"

எட்டு வயது. என் வகுப்பில் இன்னும் 16ஐயும் 61ஐயும் மாற்றி எழுதுகிற குழந்தை.

அன்று மாலையே அவளுடைய தாயாரை அழைத்துப் பேசினேன். நெகிழிப் பொருள் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். கடிந்துகொள்ளவில்லை, அந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். "இரவில் பாட்டிக்கு ஊசி போடும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். பிறகு இருவரும் சேர்ந்து வழி பார்த்தோம். இப்பொழுது பக்கத்து வீட்டு அக்காள் ஒருவர் இரவு எட்டு மணிக்கு வந்து எண்ணைச் சரிபார்த்துப் போகிறார். சிறுமிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பாட்டியின் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அன்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்காமல், சாப்பிட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை