வெறும் டப்பா

சிங்கப்பூருக்கான இரண்டாவது இணைப்புப் பாலம் 1998-இல் திறக்கப்பட்டது. அதைக் கடந்து தினமும் வேலைக்குப் போகும் எனக்கு, கெலாங் பாத்தா வெறும் சாலைப் பலகைதான். மலாயில் அதற்கு ‘உடைந்த வளையல்’ என்று பொருள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மோட்டார் சைக்கிள் பழுதாகி அங்கே நிற்க நேர்ந்தது. பட்டறைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பாட்டி சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கியது, ஆனாலும் கோடு அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

“எங்க வீட்டுல ஒட்டுற கோலம் பாட்டி, அழியவே அழியாது” என்றேன்.

“இது அரிசி மாவு, எறும்புக்குச் சாப்பாடு. அழிஞ்சாத்தானே நாளைக்குப் போடலாம்? பசியாறியாச்சா தம்பி?”

தோசையும் நெத்திலிச் சம்பலும் தந்தார். புளி சற்றுத் தூக்கல், அம்மா கைப்பக்குவம் போலவே. குளுவாங்கில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்து நான்கு மாதமாகியிருந்தது.

மீதிச் சம்பலை ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டிக்கொடுத்தவர், “டப்பா திரும்பி வரணும்” என்றார்.

மறுவாரமே குளுவாங் போனேன். கதையைக் கேட்ட அம்மா, டப்பாவைக் கழுவித் துடைத்து ரசப்பொடியை நிரப்பினார்.

“வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக்கூடாதுடா.”

நாளைக் காலை கெலாங் பாத்தாவில் இறங்கவேண்டும்.