எண்ணிக்கையில் வராத வாசகி! - ஒரு புதுக்கோட்டை டீச்சரின் வலைப்பூ கதை

முதல் நாள் 14 பேர் வந்திருந்தார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை எழுதியதை ஒரே ராத்திரியில் 14 பேர் படிப்பதென்றால் சும்மாவா? மறுநாள் ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த கணக்கு ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எத்தனை தடவை தொறந்து பாத்தீங்க டீச்சர்?"

"பத்து, பதினோரு தடவை இருக்கும் சார்."

"அப்ப அதுல பதினொண்ணு நீங்கதான்!"

வலைப்பூவில் 'என் பார்வைகளைக் கணக்கில் சேர்க்காதே' என்று ஒரு வசதி இருப்பதே அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தன்னுடைய பார்வைகளைக் கழித்துப் பார்த்தபோது உண்மையான கணக்கு வந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் வீட்டுக்காரர்.

இது நடந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகள் அன்றைக்கு அடுப்படியில் வந்து நின்றாள். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"அத்தை, நான் ப்ளாக் ஆரம்பிக்கப் போறேன். ஆள் எப்படிச் சேக்குறதுனு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "மொதல்ல சாப்பிடு" என்றார்.

சாக்பீஸ் பிடித்த கைகள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது டீச்சர் கல்லூரி மாணவி. மாலை நேரத்தில் தெருவில் பாய் விரித்து, கல் உடைக்கும் பெண்களுக்கும் களை எடுக்கும் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த தொண்டர்களில் அவரும் ஒருவர். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாடே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்களில் சிலர் முதன்முதலாக சாக்பீஸைப் பிடித்தபோது கை நடுங்கியதை டீச்சர் பார்த்திருக்கிறார். 2013-ல் தமிழாசிரியர்களுக்கு நடந்த இணையப் பயிற்சி முகாமில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தபோது, அதே நடுக்கம் அவர் கைக்கு வந்தது.

அதுவரை தமிழில் தட்டச்சு என்றால் டி.டி.பி. கடைதான். ஒரு எழுத்துருவில் அடித்துக் கொண்டுபோனால் இன்னொரு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லை போனது. 'அம்மா' என்று அடித்தால் அமெரிக்காவிலும் 'அம்மா' என்றே தெரிந்தது. கவிஞர் நா.முத்துநிலவன் போன்றவர்கள் ஊக்கம் கொடுக்க, கணினித் தமிழ்ச் சங்கம் கைகொடுக்க, புதுக்கோட்டையில் ஆசிரியர்கள் பலர் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கினார்கள். டீச்சரும் தொடங்கினார். செலவு ஒரு பைசா இல்லை. ஒரு ஜிமெயில் கணக்கு போதும்.

எழுதிவிட்டார். யார் படிப்பது?

மொய்யும் பின்னூட்டமும்

ஆடி மாதம் வந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து களைகட்டும். நீ என் விருந்துக்கு வந்து மொய் எழுதினால், உன் விருந்துக்கு நான் வந்து எழுதுவேன். நோட்டில் எல்லாம் பதிவாகியிருக்கும். வலைப்பூ உலகத்திலும் கிட்டத்தட்ட அதே முறை இருப்பதை டீச்சர் சீக்கிரம் புரிந்துகொண்டார்.

2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' போன்ற திரட்டிகள் அப்போது பதிவர்களின் சந்தைத்திடல். புதிதாக யார் எழுதினாலும் அங்கே தலைப்பு வரிசையில் தெரியும். அங்கிருந்து ஒருவர் வலைப்பூவுக்கு இன்னொருவர் போவார், பின்னூட்டம் போடுவார், அவர் திரும்ப வருவார். டீச்சர் தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் மற்றவர்கள் எழுதியதைப் படித்தார். வெறுமனே 'அருமை' என்று போடாமல், எந்த வரி பிடித்தது, எது புரியவில்லை என்று எழுதினார். ஒரே மாதத்தில் மூன்று பேர் முப்பது பேரானார்கள்.

ஆனால் மொய்யால் வந்த கூட்டம் பந்தி முடிந்ததும் போய்விடும். உடம்புக்கு முடியாமல் இரண்டு வாரம் அவர் யாருக்கும் பின்னூட்டம் போடவில்லை. இவர் பக்கமும் காலியானது.

காலியாகாத பதிவு ஒன்றே ஒன்று இருந்தது. குறளை அலகிட்டு வாய்பாடு கண்டுபிடிப்பது எப்படி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர் எழுதியது. கரும்பலகையில் எழுதுவது போலவே படிப்படியாக எழுதியிருந்தார். அதற்குப் பின்னூட்டமே கிடையாது. ஆனாலும் தேர்வு நெருங்க நெருங்கப் பார்வை ஏறும். தேர்வு முடிந்ததும் இறங்கும். அடுத்த வருடம் மறுபடியும் ஏறும். எங்கோ ஒரு பிள்ளை ராத்திரி பத்து மணிக்குக் கூகுளில் தேடி வந்து, படித்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் டீச்சருக்கு எழுத வேண்டும் என்று தோன்றும்.

திருவிழா

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் சென்னையிலும் மதுரையிலும் நடந்த வலைப்பதிவர் சந்திப்பு, அந்த வருடம் புதுக்கோட்டைக்கு வந்தது. ஊரே கல்யாண வீடு மாதிரி ஆனது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து போட்டிகள் நடந்தன. பதிவர்களின் விவரங்கள் அடங்கிய கையேடு வெளியானது. வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து இறங்கினார்கள்.

திரையில் பெயராக மட்டும் தெரிந்தவர்கள் நேரில் வந்து, "நீங்கதான் அந்த அலகிடுற டீச்சரா?" என்று கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எடுத்தார். இனி வாரம் ஒரு பதிவு. ஆயிரம் பார்வை வர வேண்டும்.

அந்த ஆயிரம் வந்தது. வந்த விதம்தான் சரியில்லை.

அந்த ஒரு பதிவு

வகுப்பில் ஒரு பெண் குழந்தை. காலையில் சாப்பிடாமல் வரும். மத்தியானச் சத்துணவுக்கு மணி பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தது. டீச்சர் தன் டிபன் பாக்ஸைக் கொடுத்தார். அன்றிரவு அதை எழுதினார். பெயரைப் போடவில்லை. ஆனால் எந்த வகுப்பு, அப்பா என்ன வேலை பார்த்தார், எதனால் இப்போது வீட்டில் இல்லை என்பதெல்லாம் இருந்தது. மனசு கனத்து, நன்றாகவே எழுதியிருந்தார்.

ஃபேஸ்புக்கில் யாரோ பகிர்ந்தார்கள். அங்கிருந்து வாட்ஸ்அப்புக்குப் போனது. இரண்டே நாளில் ஆயிரத்தைத் தாண்டியது. 'நீங்கள் ஆசிரியை அல்ல, தாய்' என்று பின்னூட்டங்கள் குவிந்தன.

நான்காம் நாள் காலை பள்ளி வாசலில் ஒரு பாட்டி நின்றார். அந்தக் குழந்தையின் அம்மாச்சி.

"டீச்சரம்மா, எங்க வீட்டைப் பத்தி நீங்க எழுதுனத எம் பேரன் போன்ல காட்டுனான். நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன்மா. அறிவொளியில படிச்ச எழுத்து. ஊர்ச் சேதி, பஸ்ஸு போர்டு, ரேஷன் கார்டுனு எல்லாம் படிச்சிருக்கேன். எங்க வீட்டுப் பசியையும் படிக்க வேண்டி வரும்னு நெனைக்கலம்மா."

சண்டை போடவில்லை. குரல்கூட உயரவில்லை. "புள்ளைக்கு சாப்பாடு குடுத்தீக, நல்லா இருப்பீக. ஊருக்குச் சொல்லியிருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குழந்தை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. டீச்சர் அன்று மாலையே பதிவை அழித்தார். வாட்ஸ்அப்பில் போனதை அழிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். பாட்டி மோர் கொடுத்தார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழந்தை திங்கட்கிழமை வந்தது. ஆனால் அதன் பிறகு டீச்சர் நீட்டிய டிபன் பாக்ஸை அது வாங்கவே இல்லை.

வாசகர்கள் என்றால் திருவிழாவில் பார்த்த முகங்கள், முகம் தெரியாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரும் படிப்பார் என்பது கணக்கில் வராமல் போயிருந்தது. மெல்ல மெல்ல எழுதுவது குறைந்தது. பிறகு நின்றேபோனது.

"அப்ப எழுதவே கூடாதா அத்தை?"

அண்ணன் மகள் தட்டில் கை காய உட்கார்ந்திருந்தாள்.

"எழுதலாம்டி. யாரைப் பத்தி எழுதுறியோ அவங்ககிட்ட மொதல்ல படிச்சுக் காட்டு. அவங்க முன்னாடி வாய்விட்டுப் படிக்க முடியாத வரியை, ஊருக்கும் காட்டாத. அது ஒண்ணுதான் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. மத்ததெல்லாம் தொழில்நுட்பம், ஒரு மணி நேரத்துல சொல்லித் தந்துடுவேன்."

சொல்லியும் தந்தார். வலைப்பூவின் பெயர் சின்னதாக, ஒருமுறை கேட்டாலே நினைவில் நிற்பதாக இருக்கட்டும். தலைப்பில், மக்கள் தேடும்போது போடுகிற சொல் இருக்கட்டும். 'மலையடிவாரத்தில் ஒரு மாலைப்பொழுது' என்று வைத்தால் அழகுதான். ஆனால் தேடுபவர் அடிப்பது 'சித்தன்னவாசல் எப்படிப் போவது' என்றுதான். எந்த பஸ், எங்கே இறங்குவது, வெயிலில் எவ்வளவு தூரம் நடை, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா... இதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும். சமஸ்தானத்தின் அம்மன் காசு, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, முட்டை மாஸ் என்று நம் ஊரில் எழுத எவ்வளவோ கிடக்கிறது.

படிப்பவர் கையில் இருப்பது போன். அதனால் பத்தி சின்னதாக, படம் சீக்கிரம் திறப்பதாக இருக்க வேண்டும். கேள்வி கேட்டு வருபவருக்குப் பதில் முதல் சில வரியிலேயே கிடைக்க வேண்டும். வாரம் ஒன்று என்று சொன்னால் வாரம் ஒன்று வந்தாக வேண்டும். பின்னூட்டம் போட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் பக்கத்தைச் சேர்த்தால், என்ன சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று தெரியும். பழைய பதிவில் பஸ் நேரம் மாறியிருந்தால் திருத்த வேண்டும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2019-ல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் பின்னூட்டம் வாங்கிய வலைப்பூக்களில் அந்தப் பேச்செல்லாம் காணாமல் போனது.

"காசு வருமா அத்தை?"

"2018-லயே ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்துருச்சு. ஆனா 100 டாலர் சேர்ந்தாதான் கைக்குத் தருவாங்க. அது சேர்ற வரைக்கும் நீ எழுதுறியாங்குறதுதான் கேள்வி."

ஈஸி சேரில் இருந்த அண்ணன் குறுக்கே வந்தார். "இப்ப யாரு ஆத்தா படிக்கிறா? எல்லாம் வீடியோதானே!"

"நம்ம சின்ன வீரமங்கலத்துக்காரவுக என்னண்ணே செஞ்சாக?" என்றார் டீச்சர். அதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. "பட்டணத்துக் கிச்சன் மாதிரி செட்டா போட்டாக? அவுக வயக்காடு, அவுக அண்டா, அவுக தாத்தா. சமைச்சதைப் பெரியவுகளுக்குப் பரிமாறுனாக. எழுத்தோ வீடியோவோ, நம்மகிட்ட இருக்குறதை ஒழுங்காச் செஞ்சா ஆள் வரும்ணே."

பாட்டியின் திருத்தம்

அண்ணன் மகள் முதல் பதிவுக்கு எடுத்துக்கொண்டது அவள் அப்பத்தாவின் மொய் நோட்டு. மஞ்சள் தடவிய பழைய நோட்டு. யார் எப்போது எவ்வளவு செய்தார்கள் என்று தாத்தா காலத்துக் கையெழுத்தில் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பிறகு திண்ணையில் அப்பத்தாவின் காலடியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

அப்பத்தா கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். முடிந்ததும் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தொகையெல்லாம் எடுத்துரு. கம்மியா செஞ்சவன் அந்த வருசம் மழை இல்லாம செஞ்சிருப்பான். அது அவனுக்கும் நமக்கும் உள்ளது."

அவள் தொகைகளை எடுத்தாள். மழை இல்லாத வருடம் என்ற அப்பத்தாவின் சொல்லைச் சேர்த்தாள். பதிவு முன்னைவிட நன்றாக வந்திருந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியிட்டாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தாள். பத்து நிமிடத்தில் இன்னொரு தடவை.

"அத்தை! அதுக்குள்ள ஆறு பேர் பாத்துட்டாங்க!"

பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"மொதல்ல 'என் பார்வைகளைச் சேர்க்காதே'னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்து புள்ள."